வாய் நிறைய ஆணி

“எழுதக்கூட வேண்டாம்டா. மேலயே பேனாவ வச்சு இழுத்துக்கிட்டுப் போனா போதும். எல்லாத்துக்கும் நானே புள்ளி வச்சுக் கொண்டாந்திருக்கேன்.”

“ம்.”

“அரை மணி நேர வேலை. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்களே செஞ்சிரும். உன் பொண்ணு அஞ்சாவது.”

“ம்.”

“என்னடா ம், ம்? வாயில என்ன, பூட்டா?”

ஆணி. வாய் நிறைய ஆணி.

மெத்தை தைப்பவர்களின் பழக்கம் அது. அரை அங்குலக் கருப்பு ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டையை உதட்டுக்கு வெளியே நீட்டினால் காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும். ஒரு தட்டில் கட்டையில் நிற்கும், மறு தட்டில் இறங்கிவிடும். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கிறது, ஒரு கை சுத்தியலைப் பிடிக்கிறது, மூன்றாவது கை வாய்தான். இந்த வித்தையை மெத்தைக்காரருக்குப் பதினாறு வயதில் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அண்ணன்.

வாயில் ஆணி இருக்கிறவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அதில் ஒரு சௌகரியம் உண்டு. அந்தச் சௌகரியத்திலேயே இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டியவர் மெத்தைக்காரர்.

அவருடைய அக்கா பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பட்டறையில் இருந்த ஒரே உருப்படியான ஸ்டூலைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நாலு கோடு நோட்டு. அதை விரித்துத் தம்பியின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

பென்சிலால் மெல்லிசாக, முத்து முத்தாக, புள்ளி புள்ளியாக எழுத்துகள். ‘பெரியப்பா என்னை ஒன்றும் செய்யவில்லை. நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன். பெரியப்பா ரொம்ப நல்லவர்.’ வாக்கியம் முடிந்த இடத்தில் முற்றுப்புள்ளியைக்கூடப் பிள்ளை தானாக வைக்க வேண்டியதில்லை. அதையும் அக்காவே வைத்திருந்தாள்.

மெத்தைக்காரருக்கு நாக்கில் இரும்பு கசந்தது.

நாலு மாதக் கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். பட்டறை கீழே, வீடு மேலே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வரும் அண்ணன், மாடிக் கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு தம்பி மகளைக் கூப்பிட்டு மிட்டாய் கொடுத்துக் கதை சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பத்து வயதுப் பெண். காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்குகிறவரை வாய் ஓயாது என்பதால் அவளுக்கு வீட்டில் ‘ரேடியோ’ என்று பெயர். அந்த ரேடியோ ஒரு நாள் பேச்சை நிறுத்தியது. பத்து நாள் கழித்து, அம்மாவின் காதில் மட்டும், கதை என்ற பெயரில் நடந்தது என்னவென்று சொல்லிவிட்டது. அன்று மாலையே அம்மா புகார் கொடுத்தாள். அண்ணன் கைதாகி, இப்போது ஜாமீனில் அக்கா வீட்டில் இருக்கிறார். வருகிற வியாழக்கிழமை நீதிபதியின் அறையில் ரேடியோ வாய் திறக்க வேண்டும்.

“அண்ணன் பாதியாப் போயிட்டாருடா” என்றாள் அக்கா. “சாப்பாடே இறங்கல. ஒரு வாய் வைக்கிறார், எந்திரிச்சிடறார். பார்க்கவே பாவமா இருக்கு.”

ரேடியோ முதல் ஒரு மாதம் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றபடியேதான் சாப்பிட்டாள். அதை இந்த அக்கா ஒரு நாளும் கேட்கவில்லை.

“குழந்தைங்க மறந்துரும். முப்பத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்துல எத்தனையோ பார்த்தவ சொல்றேன், கேட்டுக்கோ. நாமதான் கோர்ட்டு, கவுன்சலிங்னு போட்டுக் கிளறிக்கிட்டே இருக்கோம். நானும் எத்தனை கேஸை நோகாம முடிச்சு விட்டிருக்கேன் தெரியுமா? அந்தப் பிள்ளைங்கள்லாம் இன்னிக்கு நல்லாத்தான் இருக்குதுங்க.”

எத்தனை கேஸ்? மெத்தைக்காரரின் கை நின்றது. முப்பத்தைந்து வருடத்தில் இவள் எத்தனை நோட்டில் புள்ளி வைத்திருப்பாள்? எத்தனை பிள்ளைகள் இவள் வைத்த புள்ளிமேல் பேனாவை ஓட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும்?

அக்கா எழுந்தாள். அப்போதுதான் அவர் ஆணி அடித்துக்கொண்டிருந்த பொருள் அவள் கண்ணில் பட்டது. குனிந்து அதன் காலைத் தட்டிப் பார்த்தாள்.

“அட, அண்ணன் நாற்காலி! மஞ்சத் துணி எடுப்பாத்தான் இருக்கு. பார்த்தியா, உனக்கும் மனசுக்குள்ள பாசம் இருக்கத்தான் செய்யுது. அவகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிற, பாவம்.”

‘அவ’ என்பது அவருடைய மனைவி.

நோட்டை மேஜையில் வைத்துவிட்டு அக்கா போனாள். மெத்தைக்காரர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். எச்சில் நூல் நூலாக இழுத்தது. அந்த நோட்டைக் கிழித்திருக்கலாம். அவள் முகத்தில் வீசியிருக்கலாம். அவர் செய்தது, மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலுக்கு அடியில் அதை வைத்து மூடியதுதான்.

*

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வாரம் கவுன்சலிங் மேடம் தாயையும் தகப்பனையும் உட்கார வைத்துப் பேசினாள். “இதுக்கு டானிக், மாத்திரைன்னு ஒண்ணும் கிடையாது. வீடுதான். உங்க பொண்ணு திரும்பப் பேச ஆரம்பிச்சிருக்கா, உக்காந்து சாப்பிடறா, ராத்திரி ஒரே மூச்சாத் தூங்கறா. எதனாலன்னு நினைக்கறீங்க? அம்மா ஒரே ஒரு வார்த்தை கேக்காததால. ‘ஏன் முன்னாடியே சொல்லல?’ன்னு அவங்க ஒரு தடவைகூடக் கேக்கல.”

உண்மைதான். அவள் கேட்கவில்லை. “நீ சொல்றத நான் நம்பறேன்” என்றாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ராத்திரி வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். மகள் படுத்திருக்கும் அறை வாசலில் குறுக்கே படுத்துத் தூங்கினாள். ஒரு நாள், மேடம் போட்டிருந்த செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி என்று சொல்லி ரேடியோ சிரித்தபோது, குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

“ஆனா ஒண்ணு” என்று மேடம் இழுத்தாள். “இன்னும் எதையோ இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கா. யாரையோ காப்பாத்தறா. அது யாருன்னு எனக்குத் தெரியல. அவசரப்படுத்தாதீங்க. வீட்டுல அவளுக்குன்னு ஒரு இடம் செஞ்சு கொடுங்க.”

யாரையோ காப்பாற்றுகிறாள் என்றதும் மெத்தைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கென்று ஓர் இடம். மெத்தைக்காரரின் மூளைக்கு இடம் என்றால் உட்காருகிற இடம். துணி மாதிரிகள் ஒட்டிய புத்தகத்தை மகளிடம் நீட்டினார். ரேடியோ வெகுநேரம் புரட்டிப் பார்த்து, எலுமிச்சை மஞ்சளில் விரலை வைத்தாள்.

புதிதாக ஒரு நாற்காலி செய்திருக்கலாம். ஆனால் கூடத்திலிருந்து இறக்கிப் பட்டறை மூலையில் தள்ளியிருந்த அந்த நாற்காலியின் கட்டை, இரும்பு மாதிரியான கட்டை. அவருடைய கல்யாணத்துக்கு அண்ணன் தன் கையால் செய்து கொடுத்தது. தோலை உரித்து, பஞ்சை மாற்றி, புதுத் துணி போர்த்தினால் எந்த நாற்காலியும் புது நாற்காலி என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். வேறு தொழில்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

காலையில் உரித்தார். தலை சாயும் இடத்தில் அண்ணனின் தலை எண்ணெய் படிந்து ரெக்ஸின் கறுத்துப் பிசுபிசுத்தது. உட்காரும் பலகைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரலை விட்டபோது, கடித்துத் துப்பிய நகத் துண்டுகள், நரைமுடி, பல் குத்திய குச்சிகள். அதற்கும் கீழே, பச்சை மிட்டாய்க் காகிதங்கள். ஒவ்வொன்றும் மடித்து, மடித்து, மேலும் மடிக்க முடியாத அளவுக்குச் சின்னச் சதுரமாக்கி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது.

அப்படிக் காகிதம் மடிக்கிற ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

மெத்தைக்காரர் குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்தார். எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டினார். பிறகு, எழவெடுத்த பழக்கம், ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு மஞ்சள் துணியை இழுத்துப் பிடித்தார். அந்த நேரத்தில்தான் அக்கா நோட்டோடு வந்தது.

*

மத்தியானம் மனைவி வேலையிலிருந்து வந்தாள். மகளைப் பரிசோதனை நிலைய வரவேற்பறையிலேயே காலையிலிருந்து உட்கார வைத்துக்கொண்டிருந்து, கூட்டி வந்திருந்தாள். ரேடியோ வரும்போதே ஒலிபரப்பில் இருந்தாள்.

“அப்பா, அங்க ஒரு தாத்தா ஊசியப் பார்த்து அழுதாருப்பா! மீசையெல்லாம் இவ்ளோ பெருசு! அம்மா அவருக்கு நாலு பிஸ்கட் கொடுத்தாங்க. நான் மூணுதான் கேட்டேன், எனக்குக் கொடுக்கல.”

“நீ அழுதியா? அழுதா நாலு” என்றாள் அம்மா.

மெத்தைக்காரருக்கு அந்தக் குரலைக் கேட்டு நெஞ்சு குளிர்ந்தது. நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறி, அவளுடைய ஜன்னலோரம் வைத்தார். வெயிலில் மஞ்சள் பளிச்சென்று விரிந்தது.

“எனக்கா?”

“வேற யாருக்கு?”

ரேடியோ ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு குதி குதித்து உட்கார்ந்தாள்.

நாற்காலி ஒரு சத்தம் போட்டது.

பெரிய சத்தமில்லை. அடியிலிருந்த வில்கம்பி ஒன்று, இடது பக்கத்துக் கம்பி, முனகுகிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்து அடங்கியது. தாய்க்கும் தகப்பனுக்கும் அது சாதாரணச் சத்தம். மகளுக்கு அப்படி இல்லை.

அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அவர் கண்ணெதிரே பார்த்தார். எழுந்தாள். பாவாடையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். சுவர் வரைக்கும் பின்னால் நடந்துபோய் முதுகை ஒட்டிக்கொண்டாள்.

“உள்ள அதேதானே?” என்றாள்.

“துணி புதுசுடா கண்ணு. பஞ்சு புதுசு. கட்டை மட்டும்தான்…”

“எந்த நாற்காலி இது?” என்றாள் மனைவி. கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணாடித் தட்டில் ஏதோ ஊர்வதைப் பார்க்கிற பார்வை.

“மேல தோல மாத்திட்டா உள்ள இருக்கறது போயிருமா? இதத்தானே உங்க வீட்டு ஆளுங்க நாலு மாசமா எனக்குச் சொல்லிட்டிருக்காங்க? எடுங்க. என் கண்ணு முன்னாடி நிக்கக் கூடாது. நீங்களுந்தான்.”

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ரேடியோ கை கழுவ ஆரம்பித்திருந்தாள். முதல் மாதத்துப் பழக்கம், விட்டுப்போய்ப் பல வாரம் ஆகியிருந்த பழக்கம். நாற்காலியோடு படி இறங்கும்போதும், இறக்கி வைத்தபிறகும், அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

*

மகளை அணைத்துப் படுக்க வைத்துவிட்டு மனைவி கீழே வந்தாள். “குறடு எங்க? அந்த நாற்காலிய நானே பிரிச்சுப் போடறேன்” என்று இழுப்பறையைத் திறந்தாள்.

மெத்தைக்காரர் “அங்க இல்ல” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கத்தரிக்கோலைத் தூக்கிவிட்டாள். நோட்டு விரிந்தது.

படித்தாள். திரும்பப் படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

“எப்ப?”

“காலைல. அக்கா வந்துச்சு.”

“நீங்க வாங்கிக்கிட்டீங்க.”

“வாங்கல… வச்சிட்டுப் போயிடுச்சு.”

“மேஜை மேல வச்சாங்க. இழுப்பறைக்குள்ள எப்படி நடந்து போச்சு? கால் இருக்கா அதுக்கு?”

அவள் கைப்பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். ரத்தக் குப்பிகளைப் போடுகிற, வாயை அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தாள். இரண்டு விரல் நுனியால் நோட்டைத் தூக்கி உள்ளே இறக்கி, வாயை அழுத்தி மூடினாள். மேலே சீட்டு ஒட்டி, தேதி, நேரம், கொடுத்தவர், வாங்கியவர் என்று எழுதினாள். வாங்கியவர் என்ற இடத்தில் அவருடைய பெயரைச் சற்று அழுத்தியே எழுதினாள்.

“இத்தனை வருஷ வேலையில எத்தனையோ சாம்பிள் பார்த்துட்டேன், மலம், மூத்திரம், சீழ்” என்றாள். “இவ்வளவு நாத்தம் அடிச்சதில்ல. விசாரணை அதிகாரிகிட்ட கொடுத்துட்டு வந்துடறேன். அவ தூங்கறா. நீங்க மேல போக வேண்டாம். கூப்பிட்டா மட்டும் போங்க.”

வாசலில் நின்று திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

“அவ எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னா. ஒண்ணு மட்டும் பாதியில நிறுத்தறா. ‘ஒருத்தர்கிட்ட முன்னாடியே சொன்னேன்’னு ஆரம்பிக்கறா, அதுக்கு மேல வர மாட்டேங்குது. வியாழக்கிழமை அது முக்கியமாம். அந்த ஒருத்தர் யாருன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாது” என்றார் மெத்தைக்காரர்.

*

தெரியும்.

போன வருடம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். அவசரமாக ஒரு சோபாவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. வாய் நிறைய ஆணியோடு கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தார். ரேடியோ வந்து பக்கத்தில் குந்தினாள்.

“அப்பா, பெரியப்பா மேல இருக்காரு. என்னைய அவருகூட விட்டுட்டுப் போகாதீங்க. அவரு பண்றது எனக்கு அசிங்கமா இருக்கு.”

“ம்” என்றார் அவர்.

காதில் விழாமல் இல்லை. வண்டி வெளியே நின்று ஒலியெழுப்பியது. வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. வந்த பிறகு கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்டால் அண்ணனைப் பற்றி ஒன்று தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் தெரியாதவர்போல் இருக்க முடியாது. அப்படி யோசித்துச் செய்ததாகக்கூடச் சொல்ல முடியாது. சும்மா விட்டுவிட்டார். அவள் அப்புறம் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மஞ்சள் துணியின் ஓரத்தில் கொக்கியைக் கொடுத்து நெம்பினார். ஆணி கிளம்பியது. அடுத்தது. துணியை உரித்தார், பஞ்சைப் பிய்த்தார். முனகிய வில்கம்பியைக் குறடால் பிடித்து முறுக்கி, தரையில் எறிந்தார். கையில் அண்ணனின் எண்ணெய் நாற்றம் இன்னும் இருந்தது. சோப்புப் போட்டும் போகவில்லை. அண்ணனுடையதா தன்னுடையதா என்று மோந்து பார்த்தார். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கழற்றிய ஆணிகளைத் தன்னையறியாமல் வாயில் போட்டுக்கொண்டே இருந்தார்.

“அப்பா.”

பட்டறை வாசலில் ரேடியோ நின்றாள். நாலு மாதமாக அவள் கால் வைக்காத வாசல். கழுவிக் கழுவிக் கைவிரல்கள் சுருங்கி வெளுத்திருந்தன. உள்ளே வரவில்லை. கதவு நிலையில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, பிரிந்து கிடந்த கட்டைகளைப் பார்த்தாள்.

“அந்தக் கம்பியா சத்தம் போட்டுச்சு?”

“ம்.”

“தூக்கிப் போட்டுருவீங்களா?”

“ம்.”

“கட்டையுமா?”

தலையை ஆட்டினார். அவள் காலில் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருந்ததை உதறினாள்.

“அம்மா ஒவ்வொரு நாளும் கேக்காம கேக்கறாங்கப்பா. வாயால கேக்கல, கண்ணால. மேடமும் அப்படித்தான். நான் சொல்லல. சொன்னா அம்மா உங்கள வீட்டை விட்டு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன்.” மூச்சை இழுத்தாள். “பெரியப்பா விஷயம் ஒண்ணு உள்ள வச்சிருந்தேன். அத அம்மாகிட்ட கொடுத்துட்டேன். இது இன்னும் இருக்கு. இங்க வலிக்குது.”

தொண்டைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள்.

மெத்தைக்காரருக்கு அருவருப்பு என்றால் என்னவென்று அன்று காலையிலேயே தெரிந்துவிட்டதாக நினைப்பு. நகத்தைப் பார்த்து வந்தது, நோட்டைப் பார்த்து வந்தது, எல்லாம் வெறும் முன்னோட்டம். இத்தனை மாதமாக ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் ஒல்லித் தோளில் யாரைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது என்று இப்போது தெரிந்தது. அண்ணன் அவளிடம் ஒன்றை ஒளித்து வைக்கச் சொன்னார். இவர் சொல்லவே இல்லை, அவளாக ஒளித்து வைத்துக்கொண்டாள்.

தெருவில் வண்டி நின்றது. மனைவியின் செருப்புச் சத்தம். வெளிக்கதவின் தாழ்ப்பாளை அவள் எடுக்கிற சத்தம்.

ரேடியோ திரும்பிப் பார்த்தாள். பிறகு, நாலு மாதத்தில் முதல்முறையாக, பட்டறை வாசற்படியைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்தாள். பரிசோதனை நிலையத்தில் அம்மா நோயாளிகளிடம் எச்சில் குப்பியை நீட்டுகிற மாதிரியே, சுருங்கி வெளுத்த உள்ளங்கையைக் குழிவாக அவர் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

“ஆணியத் துப்புங்கப்பா. அன்னிக்கு நான் சொன்னத, நீங்க ‘ம்’னு சொன்னத, அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா.”